ஒன்பதாவது டிக்

போன மாதம் ஹேமா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு அம்பத்தூர் எஸ்டேட்டில் என் நாற்காலியில் உட்கார்ந்தவள் அவள்தான். கம்பெனியின் சர்வர் ரூமைக் காலி செய்கிறார்களாம். இனிமேல் எல்லாமே எங்கோ ஓர் ஊரில் வாடகைக்கு எடுத்த மிஷின்களில் ஓடுமாம். ஏ.சி.யைக் கழற்றிவிட்டு அந்த அறையைச் சாப்பிடும் இடமாக்கப் போகிறார்கள்.

"மேடம், யூசருங்களோட ஹோம் டைரக்டரி மட்டும் எந்தக் காலத்துலேர்ந்தோ தனி டிஸ்க்லயே இருக்கே, அது ஏன்னு இங்க புதுசா வந்தவங்க கேக்கறாங்க. நீங்க ஆரம்பிச்சதுதானே? ரெண்டு வரி எழுதி அனுப்புங்களேன்" என்றாள்.

இரண்டு வரியில் சொல்லிவிடலாம்தான். மனிதர்கள் சேர்த்து வைக்கிற சாமானால் மிஷின் நின்றுபோகக் கூடாது, அதனால் நடுவில் சுவர் எழுப்பினோம். அவ்வளவுதான் விஷயம். ஆனால் அந்தச் சுவரை எழுப்பிய நாட்களில் நான் ஒரு பொய் டிக் போட்டேன். அதை மறைக்க ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்தேன். அந்தக் கடிதத்தை நம்பி ஒரு மனிதரை மறுபடி மணல் தூசிக்குள் அனுப்ப இருந்தார்கள். ஹேமாவுக்கு அந்த இரண்டு வரியை அனுப்பிவிட்டேன். மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

எனக்கு ஊர் பட்டாபிராம். கணக்கில் பி.எஸ்சி. முடித்து, ஆவடியில் மாடிமேல் இருந்த ஒரு இன்ஸ்டிட்யூட்டில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்தேன். படித்தேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. முப்பது பேருக்கு இரண்டு மிஷின். பாதி நாள் அடுத்தவர் தோளைத்தான் பார்த்தேன். எண்பதுகளின் நடுவில் அம்பத்தூரில் ஒரு ஃபவுண்டரியில் டேட்டா என்ட்ரிக்கு எடுத்தார்கள். இரும்பை உருக்கி, மணல் அச்சில் ஊற்றி, பம்புக்கும் லாரிக்கும் பாகங்கள் வார்க்கிற கம்பெனி. சில வருடங்களில் யூனிக்ஸ் மிஷின் ஒன்று வந்தது. அதைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றபோது, ஸ்டெல்லா கேள்வி அதிகமாகக் கேட்கிறாள், அவளையே போடுங்கள் என்று என்னைத் தள்ளிவிட்டார்கள்.

தள்ளியவர் தேவசகாயம் சார், எங்கள் கம்ப்யூட்டர் செக்‌ஷன் மேனேஜர். நாகர்கோவில்காரர், சேக்காட்டில் வீடு கட்டிக்கொண்டு குடியிருந்தார். வெள்ளை அரைக்கைச் சட்டை, இடுப்பில் சாவிக்கொத்து. செக்‌ஷனில் அவ்வளவு மிஷின் இருந்தும் கீபோர்டை அவர் தொட்டு நான் பார்த்ததில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு என் நாற்காலிக்குப் பின்னால் நிற்பார். நான் கட்டளையைத் திரையில் அடித்ததும், என்டரைத் தட்டும் முன், "வாசிம்மா" என்பார். ஒவ்வொரு எழுத்தாக, நடுவில் இருக்கும் இடைவெளி உட்பட, சத்தமாக வாசிக்க வேண்டும். பிறகு ஒரு வினாடி கழித்து, "ம், தட்டு" என்பார். முதல் வருடம் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி வாசித்துக்கொண்டிருக்கிறோமே என்று பல்லைக் கடிப்பேன். இரண்டாவது வருடம், வாசிக்கும்போதே என் வாய் ஒரு தப்பைக் கண்டுபிடித்தது. அதற்குப் பிறகு பல்லைக் கடிக்கவில்லை.

அவரிடம் ஒரு நீள நோட்டு உண்டு. பெரிய வேலை எதுவாக இருந்தாலும் முதலில் அதில்தான் நடக்கும். பக்கத்தின் இடது பாதியில் செய்ய வேண்டியது, வலது பாதியில் அதே வரிசையில் திரும்பி வரும் வழி. அதாவது, அந்தப் படியில் ஏதாவது கெட்டுப்போனால் பழைய நிலைக்கு எப்படிப் போவது என்பது. வலது பாதி காலியாக இருந்தால் அந்த வேலையைத் தொட விடமாட்டார். இரண்டுக்கும் நடுவில் குறுகலாக ஒரு கட்டம், டிக் போடுவதற்கு. அதற்கும் ஒரு சட்டம் வைத்திருந்தார்.

"கை செஞ்சதுக்கு டிக் கிடையாது, ஸ்டெல்லா. கண்ணு பாத்ததுக்குத்தான் டிக்."

இனி டிஸ்க் கதை. அந்த மிஷினிலிருந்து, திரையும் கீபோர்டும் மட்டும் இருக்கிற பதினாறு டெர்மினல்களுக்கு ஒயர் போனது. ஸ்டோர்ஸ், பர்ச்சேஸ், டிராயிங் ஆபீஸ் எல்லாம் அதில்தான் வேலை செய்தார்கள். ஒவ்வொருவருக்கும் மிஷினுக்குள் சொந்தமாக ஓர் இடம் உண்டு. அவரவர் ஃபைல் அங்கே இருக்கும். அதுதான் ஹோம் டைரக்டரி. கஷ்டம் என்னவென்றால், மிஷின் தனக்காக வைத்திருக்கும் சாமானும் இவர்கள் சாமானும் ஒரே டிஸ்கில், ஒரே பகுதியில். இவர்கள் சேர்க்கச் சேர்க்க மிஷினுக்கு மூச்சுவிட இடமிருக்காது. பிரிண்ட் போகாது. யாரும் புதிதாக உள்ளே வர முடியாது. வாரத்துக்கு ஒருமுறையாவது திரையில் 'டிஸ்க் ஃபுல்' என்று வந்து நிற்கும்.

அப்போது நான் ஒரு பட்டியலை எடுத்துக்கொண்டு மேஜை மேஜையாகப் போய்க் கெஞ்சுவேன். பர்ச்சேஸில் ஒருவர் தன் எல்லா ஃபைலுக்கும் முருகா என்றே பெயர் வைத்திருந்தார். முருகா ஒன்று, முருகா இரண்டு, இப்படி நாற்பது வரைக்கும்.

"சார், முருகா பதினெட்டை எடுத்துடலாமா?"

"அது இருக்கட்டும்மா, பதினேழை வேணா எடுத்துக்கோ. ஆனா எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு காப்பி போட்டு வச்சிடு."

எங்கே போட்டு வைப்பது? அதுதானே பிரச்சினை! இப்படி இரண்டு வருடம் தள்ளிய பிறகு இரண்டாவது டிஸ்க் வாங்க அனுமதி கிடைத்தது. பெட்டி வந்த அன்று தேவசகாயம் சார் நோட்டை விரித்தார்.

முதலில் ஒத்திகை பார்த்தோம். என் ஹோம் டைரக்டரியையும் இன்னொருவருடையதையும் மட்டும் புது டிஸ்கின் புதுப் பகுதிக்கு நகல் எடுத்தேன். எல்லா ஃபைலும் வந்துவிட்டது, எண்ணிக்கை சரி, எனக்கோ பெருமை தாங்கவில்லை. அந்த இன்னொருவரைக் கூப்பிட்டுத் திறக்கச் சொன்னார் சார். திறக்கவில்லை. நகல் எடுத்தது நான் என்பதால் எல்லா ஃபைலுக்கும் சொந்தக்காரி நான் என்று மிஷின் எழுதிக்கொண்டுவிட்டது. அடுத்தவர் வீட்டுச் சாவியெல்லாம் என் இடுப்பில்! சார் சிரிக்கவில்லை. வலது பாதியில் ஒரு வரி சேர்த்தார். அடுத்த ஒத்திகையில், சொந்தக்காரர், அனுமதி, தேதி மூன்றும் மாறாமல் நகல் எடுக்கிற முறையைக் கண்டுபிடித்தேன். தேதி மாறாமல் எடுத்தது பின்னால் எவ்வளவு உதவப்போகிறது என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது.

இதே சமயத்தில்தான் கன்னியப்பன் அண்ணா எங்கள் செக்‌ஷனுக்கு வந்தார். முத்தாபுதுப்பேட்டைக்காரர். ஊரில் நிலமும் நாலு மாடும் உண்டு. இருபது வருடம் மோல்டிங் ஷாப்பில் மணலுக்குள் வேலை செய்தவர். தூசி நெஞ்சில் இறங்கி இழுப்பு வந்துவிட்டது. இனி மணல் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். கம்பெனி மூன்று மாதம் சோதனை வைத்தது. ஒவ்வொரு அச்சின் அளவையும் கையால் எழுதி வைத்த பேட்டர்ன் கார்டுகள் பழைய பீரோவில் ஆயிரக்கணக்கில் கிடந்தன. அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். மூன்று மாதத்தில் எண்ணூறு கார்டு. ஏற்றினால் இங்கேயே வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் மறுபடி மணல், அல்லது வீட்டுக்குப் போ.

அவருக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டத் தெரியும். டைப்பிங் தெரியாது. இரண்டு ஆள்காட்டி விரலால் கோழி கொத்துவது போல் அடிப்பார். முதல் வாரம் மவுஸ் எங்கே என்று தேடி வந்த டிராயிங் ஆபீஸ் ஆளிடம், "ஸ்டோர்ஸாண்ட நெறைய ஓடுது, போய்ப் புட்ச்சிக்க நைனா" என்றவர் அவர். ஆனால் கார்டில் எழுத்து அழிந்திருந்தால் யாரையும் கேட்கமாட்டார். அந்த அச்சுக்கு அவரே கையால் மணலை இடித்து இறுக்கியிருப்பார். அளவு அவருக்குத் தெரியும். அடித்து முடித்த ஒவ்வொரு கார்டின் மூலையிலும் பென்சிலால் ஒரு டிக் போட்டு வைப்பார்.

பொங்கல் நெருங்கும்போது எண்ணூறில் நூற்றைம்பதுக்கு மேல் பாக்கி. பொங்கலுக்கு அடுத்த வார சனிக்கிழமை பர்சனல் ஆபீசர் கணக்குப் பார்ப்பதாக இருந்தது. கன்னியப்பன் அண்ணா என்னிடம் வந்து நின்றார்.

"மேடம், லீவுல நான் வந்து அடிக்கலாமா? மிஷின நிறுத்தாம வுட்டுப் போறீங்களா?"

"பொங்கலுக்கா? மாட்டுப் பொங்கல் அன்னிக்குமா அண்ணா?"

"இன்னா பண்றது மேடம். மாடு கொம்புக்கு பெயின்ட் அட்ச்சா மட்டும் எண்ணூறு ஆய்டுமா? ஊட்டாண்ட திட்டு வாங்கிக்கிறேன். வேல நெலச்சுதுன்னா அப்பால அதும் சரியாய்டும்."

சார் வாட்ச்மேனுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். போகியிலிருந்து காணும் பொங்கல் வரை நாலு நாள் கன்னியப்பன் மட்டும் உள்ளே வரலாம்.

டிஸ்க் மாற்றத்தைப் போகிக்கு முந்தைய சனிக்கிழமை வைத்துக்கொண்டோம். அரை நாள் வேலை, எல்லோரையும் பத்து மணிக்கே மிஷினிலிருந்து வெளியேற்றிவிட்டோம். நோட்டில் பத்து வரிசை. முதலில் டேப்பில் ஒரு முழு நகல். பிறகு புது டிஸ்கில் பகுதி பிரிப்பது, நகல் எடுப்பது, இரண்டு பக்கமும் ஃபைல்களை எண்ணுவது. எண்ணிக்கை ஒன்றாக வந்தபோது சார் மேஜையை ஒருமுறை தட்டினார். அவர் அகராதியில் அது கைதட்டல். எட்டாவது வரிசை, புது டிஸ்கைப் பழைய பெயரிலேயே அந்த இடத்தில் இணைப்பது. இதை மட்டும் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், கதையே இதில்தான் இருக்கிறது. தரையில் காகிதங்கள் கிடக்கின்றன, அதன்மேல் பாய் விரித்தால் காகிதம் அழிந்துவிடாது. கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். புது டிஸ்கை இணைத்ததும் பழைய ஃபைல்கள் அப்படித்தான் அடியில் போயின. எல்லாம் ஒழுங்காக ஓடுகிறதா என்று இரண்டு வாரம் பார்த்துவிட்டு, பாயைத் தூக்கி, அடியில் இருக்கும் பழையதை அழித்துவிட வேண்டும் என்று திட்டம்.

எட்டாவது முடிந்தபோது மணி பன்னிரண்டே கால். சாருக்கு அன்றைக்கு நாகர்கோவிலுக்கு ரயில். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று தந்தி வந்திருந்தது, பத்து நாளுக்கு மேல் லீவு. கடிகாரத்தைப் பார்த்தார். நோட்டின் அடியில் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

"மிச்சம் ரெண்டுதான். நீ பாத்துக்குவே."

ஒன்பதாவது வரிசை: மிஷின் ஒவ்வொரு முறை புறப்படும்போதும் எந்தெந்த டிஸ்கை இணைக்க வேண்டும் என்று படித்துப் பார்க்கும் ஃபைலில், புது டிஸ்குக்கு ஒரு வரி எழுதுவது. பத்தாவது: மிஷினை நிறுத்திப் புறப்படவைத்து, புது டிஸ்க் தானாக வருகிறதா என்று கண்ணால் பார்ப்பது. நிறுத்திப் புறப்பட முக்கால் மணி நேரம் ஆகும், டிஸ்கையெல்லாம் தடவித் தடவிப் பார்த்துவிட்டுத்தான் அது கண் திறக்கும். வரியில் ஓர் எழுத்து தப்பினால் கண்ணே திறக்காது, அதனால் பத்தாவதைச் செய்யாமல் ஒன்பதாவதை மட்டும் எழுதிவிட்டுப் போகவும் பயம். நான் ஒரு மணி ரயிலைப் பிடிக்க வேண்டும். என் தங்கையைப் பெண் பார்க்க மூன்று மணிக்கு வருகிறார்கள். கையால் இணைத்த டிஸ்க் அழகாக ஓடிக்கொண்டிருக்கிறது, லீவு முடிந்து வந்து எழுதிக்கொள்ளலாம், யார் கேட்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். ஒன்பதுக்கும் பத்துக்கும் டிக் போட்டுவிட்டு ஸ்டேஷனுக்கு ஓடினேன். அந்த மாப்பிள்ளை வீட்டார் முறுக்கையும் கேக்கையும் தின்றுவிட்டு, கடிதம் போடுகிறோம் என்று சொல்லிப் போனார்கள். கடிதம் இன்றுவரை வரவில்லை.

லீவு முடிந்து வெள்ளிக்கிழமை வந்தபோது வாட்ச்மேன் சொன்னார், போகி அன்று விடியற்காலையில் கரண்ட் போய் வந்ததாம். பகீரென்றது. ஓடிப்போய்ப் பார்த்தால் புது டிஸ்க் இணையவில்லை. பின்னே, வரியை எழுதினால்தானே இணையும்? யாரும் வருவதற்குள் டிஸ்கை இணைத்தேன், வரியை எழுதினேன். இரண்டு நிமிட வேலை. தப்பித்தோம் என்று ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன்.

ஒன்பது மணிக்குக் கன்னியப்பன் அண்ணா டெர்மினல் முன்னால் உட்கார்ந்து, எழுந்து, மறுபடி உட்கார்ந்தார்.

"மேடம், கொஞ்சம் வாங்களேன். இன்னா இது, நாலு நாளா அட்ச்சது ஒண்ணுமே காணோம்?"

தேடினேன். ஒரு கார்டுகூட இல்லை. கடைசி ஃபைல் லீவுக்கு முந்தைய சனிக்கிழமை காலையில் சேமித்தது. கரண்ட் போனதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்குமோ என்று ஒரு நினைப்பு வந்தது. உண்மையாகவே சொல்கிறேன், வந்தது. ஆனால் அந்த நினைப்பை முழுசாக நினைத்தால் ஒன்பதாவது டிக் வெளியே வரும். அதனால் பாதியிலேயே நிறுத்திவிட்டேன்.

"சேவ் பண்ணீங்களா அண்ணா?"

"பண்ணேன் மேடம். நீங்க சொல்லிக் குட்த்தாப்பல ஒவ்வொரு கார்டுக்கும் பண்ணேன்."

"பண்ணியிருந்தா இருக்குமே."

விஷயம் பர்சனல் ஆபீசருக்குப் போயிற்று. அவர் எங்கள் அறைக்கே வந்தார். கார்டுகளை எடுத்துக் காட்டினார் கன்னியப்பன். நூற்று அறுபத்திரண்டு கார்டு, ஒவ்வொன்றின் மூலையிலும் பென்சில் டிக்.

"டிக் யார் வேணாலும் போடலாம்யா. உக்காந்த எடத்துல போட்டுட்டு ஏ.சி.ல படுத்துத் தூங்கிட்டு வந்திருக்கே" என்றார் ஆபீசர். பிறகு என் பக்கம் திரும்பி, "மிஷின்ல கோளாறு இருந்துதாம்மா? இருந்தா எழுதிக் குடுங்க. இல்லன்னாலும் எழுதிக் குடுங்க" என்றார்.

நான் எழுதினேன். 'விடுமுறை நாட்களில் கணினியில் கோளாறு எதுவும் இல்லை.' கீழே என் கையெழுத்து. இப்போதும் அந்த ஒரு வரி எனக்கு அப்படியே கண்ணில் நிற்கிறது. கன்னியப்பன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த ஒரு வாரம் காலை ஏழரைக்கே வந்து உட்கார்ந்து, சாப்பாட்டு நேரத்திலும் எழுந்திருக்காமல், இரண்டு விரலாலேயே மறுபடி அடித்தார். எண்பது தொண்ணூறுக்கு மேல் முடியவில்லை. வியாழக்கிழமை முதல் மறுபடி இருமல் வந்துவிட்டது. அவர் ஊர் ஆள் ஒருவர் எங்கள் ஃபவுண்டரியிலேயே இருந்தார். அவர் வழியாக விஷயம் வீட்டுக்கும் போய்விட்டது என்று கேள்விப்பட்டேன். நல்ல நாளும் பெரிய நாளுமாக மாட்டைக்கூடப் பார்க்காமல் வேலைக்குப் போகிறேன் என்று போனவன், அங்கே ஒரு வேலையும் செய்யவில்லையாம் என்று.

தேவசகாயம் சார் அந்தச் சனிக்கிழமைதான் திரும்பி வந்தார். அம்மா தேறிவிட்டார் என்று சொல்லி எல்லோருக்கும் நேந்திரங்காய் சிப்ஸ் கொடுத்தார். கன்னியப்பனின் கணக்குப் பார்ப்பது அன்று மூன்று மணிக்கு. பழைய ஃபைல்களை அழிப்பதும் அன்றைக்குத்தான், இரண்டு வாரக் கெடு முடிந்திருந்தது. ஒன்றரைக்கு எல்லோரும் போனபின் சார் நோட்டை விரித்துக்கொண்டு என் பின்னால் வந்து நின்றார்.

பாயைத் தூக்கினேன், அதாவது புது டிஸ்கைப் பிரித்தேன். அடியிலிருந்த பழைய டைரக்டரி தெரிந்தது. முழுவதையும் அழிக்கும் கட்டளையை அடித்தேன்.

"வாசிம்மா."

வாசித்தேன்.

"இரு. அழிக்கறதுக்கு முன்னாடி என்னென்ன இருக்குன்னு வாசி. பேரு, தேதி. புதுசு மேல, பழசு கீழ."

"சார், ஆயிரக்கணக்கில இருக்கும்."

"முதல் பத்து வாசி."

பட்டியல் போட்டேன். முதல் வரியை வாசிக்க வாயைத் திறந்தேன். கன்னியப்பன் பெயர். தேதி, காணும் பொங்கல். மாலை ஐந்தே கால். அடுத்த வரி, கன்னியப்பன், காணும் பொங்கல், ஐந்து மணி. அதற்குக் கீழே மறுபடியும் அவர். திரை நிறைய அவர்தான் இருந்தார். கீழே போகப் போக மாட்டுப் பொங்கல், பொங்கல், போகி. கரண்ட் போய் வந்தபோது புது டிஸ்க் இணையாததால், மிஷின் பழைய டிஸ்கைக் காட்டியிருக்கிறது. அவர் நாலு நாளும் அதில் வேலை செய்திருக்கிறார். வெள்ளிக்கிழமை காலை நான் அதன்மேல் பாயை விரித்து மூடியிருக்கிறேன். இப்போது அழிக்கவும் உட்கார்ந்திருக்கிறேன்.

கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டேன். சார் குனிந்து திரையைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"சார், ஒன்பதாவது டிக் பொய்" என்றேன்.

"பத்தாவது?"

"அதுவும்தான்."

"கோளாறு இல்லன்னு எழுதிக் குடுத்தியாமே? காலைல ஆபீசர் சொன்னார்."

"அதுவும்தான் சார்."

நான் அழ ஆரம்பித்தேன். அவர் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கத்தவில்லை.

"முதல்ல ஃபைலக் காப்பாத்து. அழறத அப்புறம் அழலாம். எங்க எடுக்கப் போற?"

"டேப்ல ஒண்ணு, புது டிஸ்க்ல ஒண்ணு."

"அடி. வாசி."

மூக்கை உறிஞ்சிக்கொண்டே வாசித்தேன். தேதி மாறாமல் நகல் ஆனது. எண்ணினோம். நூற்று அறுபத்திரண்டு. பென்சில் டிக் எத்தனையோ, அத்தனை. பட்டியலைப் பிரிண்ட் எடுத்தேன், ஓரத்தில் ஓட்டை போட்ட நீளக் காகிதத்தில் மடிப்பு மடிப்பாக வந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு நாங்கள் ஆபீஸ் கட்டடத்துக்கு நடந்தபோது மணி மூன்றடிக்க ஐந்து நிமிடம். போகும்போது சார் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"நானும் பாக்காமலேதான் கையெழுத்துப் போட்டேன். அதையும் சொல்லணும்."

ஆபீசர் அறையில் கன்னியப்பன் நின்றுகொண்டிருந்தார், கையில் கார்டுக் கட்டு. மேஜைமேல் அவரை மணலுக்கே திருப்பி அனுப்பும் காகிதம் டைப் அடித்துத் தயாராக இருந்தது. நான் பட்டியலை அதன்மேல் வைத்தேன். என் கடிதம் பொய் என்றேன். எப்படிப் பொய், ஏன் பொய் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். சார் தன் பங்கைச் சொன்னார். ஆபீசர் எங்கள் இருவருக்கும் மெமோ கொடுத்தார், அது அவர் வேலை. கன்னியப்பனைப் பார்த்து, "சரிய்யா, நீ அங்கியே இரு" என்றார். தூங்கினாய் என்று சொன்னதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

வெளியே வந்ததும் கன்னியப்பன் என்னிடம் கேட்டார்.

"மிஷினுக்குத் தெரியாது மேடம், அது இரும்பு. உங்களுக்கு என்னைத் தெரியுமில்ல? நீங்களும் நான் தூங்கினேன்னுதான நெனச்சீங்க?"

"இல்லண்ணா. நீங்க செஞ்சிருப்பீங்கன்னு எனக்குத் தோணிச்சு. என் தப்பு வெளிய வந்துடுமேன்னு பேசாம இருந்துட்டேன்."

"அது இன்னும் மோசம் மேடம்" என்றார். உண்மைதான். மன்னிப்புக் கேட்டேன். அதற்கு அவர், "அத்த என்னாண்ட கேக்காதீங்க. எங்க ஊட்ல ஒரு வாட்டி வந்து சொல்லுங்க. எம் பொஞ்சாதி ஒரு வாரமா என்னாண்ட பேசல. சீட்டாடப் பூட்டேன்னு நெனச்சிக்கினு கீது" என்றார்.

செக்‌ஷனுக்குத் திரும்பியபோது சார் நோட்டை விரித்து வைத்திருந்தார். ஒன்பதாவது வரிசையின் டிக்கைச் சிவப்பு மசியால் சுழித்திருந்தார். அதன் வலது பாதியில் முன்பு எழுதியிருந்ததை அடித்துவிட்டுக் கீழே கொஞ்சம் இடம் விட்டிருந்தார்.

"இந்தப் பொய்க்குத் திரும்பி வர்ற வழி எழுதல. நீதான் எழுதணும். செஞ்சிட்டு எழுது" என்றார்.

மறுநாள் ஞாயிறு, சர்ச்சில் பூசை முடிந்து நேராக ஆவடிக்கு வந்து முத்தாபுதுப்பேட்டை பஸ் ஏறினேன். வீட்டைக் கேட்டு அலைய வேண்டியிருக்கவில்லை. கொம்பில் புதுப் பச்சை பெயின்ட்டோடு மாடுகள் கட்டியிருந்த கொட்டகை பக்கத்தில் கன்னியப்பன் நின்றிருந்தார். அவர் மனைவி தனம் வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தார். நான் யார் என்று சொன்னேன். அவர் நிமிர்ந்தார், உட்காரச் சொல்லவில்லை.

"பொங்கல் நாலு நாளும் அண்ணா வேலைதான் செஞ்சாரு. வேலை காணாமப் போனது என்னால. அவர் செய்யலன்னு பொய் எழுதிக் குடுத்ததும் நான்தான்" என்றேன். பட்டியலை இன்னொரு பிரிண்ட் எடுத்து மடித்து வைத்திருந்தேன், அதை நீட்டினேன்.

அவருக்குப் படிக்கத் தெரியாது. "இதுல இன்னா எழுதிக்கீது?" என்றார்.

"ஒவ்வொரு கார்டையும் எந்த நாள், எத்தனை மணிக்கு முடிச்சாருன்னு இருக்குங்க."

"மாட்டுப் பொங்கலன்னிக்கு, சாயங்காலம் மாட்ட ஓட்டிக்கினு போற நேரத்துக்கு இன்னா போட்டுக்கீது? நாலு, நாலரை இருக்கும்."

விரலால் தேடினேன். "நாலு பத்துக்கு ஒண்ணு. நாலே காலுக்கு ஒண்ணு. நாலு இருபத்தஞ்சு. நாலரை. அஞ்சு மணி வரைக்கும் விடாம இருக்கு."

தனம் என் விரல் இருந்த இடத்தையே பார்த்தார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அந்தக் காகிதத்தை வாங்கி, உள்ளே போய், ரேஷன் கார்டு வைக்கிற தகரப் பெட்டியில் வைத்து மூடுவது வாசலிலிருந்து தெரிந்தது. திரும்பி வந்தார். என்னைத் தாண்டிப் போய்ப் புருஷன் முன்னால் நின்றார்.

"மணி இன்னா ஆவுது. வந்து சோறு துன்னு" என்றார்.

கன்னியப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டு மாட்டின் கழுத்தைத் தடவினார். நான் வருகிறேன் என்றேன். யார் காதிலும் விழுந்த மாதிரி தெரியவில்லை. பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன்.

திங்கட்கிழமை காலை நீள நோட்டை எடுத்து, ஒன்பதாவது வரிசையின் வலது பாதியில், விட்டிருந்த இடத்தில் எழுதினேன்: 'முத்தாபுதுப்பேட்டை போய், அவர் வீட்டில் சொல்லியாயிற்று.' சார் வந்தார், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"வாசிம்மா" என்றார்.

வாசித்தேன்.

"கண்ணால பாத்தியா?"

"பாத்தேன் சார். அவரைச் சாப்பிடக் கூப்பிட்டாங்க."

பேனாவை என்னிடம் நீட்டினார். டிக் போட்டேன்.